டோஃபு சரியாக வரவில்லையா? அறிகுறியைப் பார்த்துச் சரிசெய்யுங்கள்

டோஃபுவை ஒருமுறை வாங்கிச் சமைத்துவிட்டு, "இது நமக்குச் சரிப்படாது" என்று விட்டுவிட்டவர்கள் நிறைய பேர். என்ன ஆயிற்று என்று கேட்டால், சப்பென்று இருந்தது, வாணலியில் ஒட்டிக்கொண்டது, உடைந்து தூளாகிவிட்டது என்பார்கள். கேட்பதற்கு வேறு வேறு குறைகளாகத் தோன்றும். ஆனால் பெரும்பாலும் எல்லாவற்றுக்கும் காரணம் தண்ணீர்தான்.

சோயா பாலைக் காய்ச்சி, அதில் கால்சியம் சல்பேட்டோ, நிகாரி எனப்படும் மெக்னீசியம் குளோரைடோ கலந்தால் பால் திரியும். திரிந்த புரதம் வலை போலப் பின்னிக்கொண்டு தண்ணீரைத் தனக்குள் பிடித்து வைத்துக்கொள்ளும். அதைத் துணியில் வைத்து அழுத்தினால் டோஃபு. எவ்வளவு அழுத்துகிறார்களோ அவ்வளவு கெட்டி. கெட்டி என்று விற்கிற டோஃபுவிலேயே 100 கிராமுக்கு ஏறத்தாழ 80 கிராம் தண்ணீர் இருக்கும். பார்க்கக் கட்டியாக இருப்பதால் நாம் இதை மறந்துவிடுகிறோம். வாணலியில் போட்டதும் அந்தத் தண்ணீர் தன் வேலையைக் காட்டும்.

கீழே உங்களுக்கு நேர்ந்தது எதுவோ அந்தப் பகுதிக்கு நேராகப் போகலாம். ஆனால் அடுத்து வரும் பகுதியை மட்டும் எல்லோரும் படித்துவிடுங்கள். பாதிப் பிழைகள் அங்கேயே தீர்ந்துவிடும்.

முதலில், கையில் இருப்பது எந்த டோஃபு?

பாக்கெட்டின் மேல் எழுதியிருப்பதைப் படியுங்கள். சில்க்கன் என்று இருந்தால் அது அழுத்தப்படாதது. பெரும்பாலும் பாக்கெட்டுக்குள்ளேயே தயிர் போல உறைய வைக்கப்பட்டது. கரண்டி பட்டால் வழுக்கிக்கொண்டு இறங்கும். அதை வறுக்க முயன்றால் எந்தச் சமையல்காரருக்கும் சிரமம்தான். சூப், சாஸ், இனிப்பு, மிக்ஸியில் அரைத்துச் செய்கிறவை, இவற்றுக்கு அதைவிட நல்லது கிடையாது.

வறுக்க, வதக்க, ஓவனில் சுட கெட்டி டோஃபு அல்லது மிகக் கெட்டி டோஃபு வேண்டும். தண்ணீரே இல்லாமல் காற்று நீக்கிய பாக்கெட்டில் வருகிற மிகக் கெட்டி வகையும் உண்டு. அதற்கு அழுத்தும் வேலையே இல்லை. துடைத்துவிட்டு நேராக நறுக்கலாம். புகையூட்டிய டோஃபுவும் அப்படித்தான், அதில் உப்பும் மணமும் ஏற்கெனவே இருக்கும். முதல்முறை சமைக்கிறவர் இந்த இரண்டில் ஒன்று கிடைத்தால் அதிலிருந்து தொடங்குவதே நல்லது.

பாக்கெட்டில் எழுதியிருப்பது புரியவில்லையா? ஒரு மூலையை விரல்களால் லேசாக அழுத்திப் பாருங்கள். அமுங்கி, விட்டதும் பழைய வடிவத்துக்குத் திரும்பினால் வறுக்கலாம். விரல் உள்ளே போய்விட்டால் சூப்புக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

வாணலியில் ஒட்டிக்கொள்கிறது, மேல்பக்கம் பிய்ந்து வருகிறது

புதிதாகச் சமைக்கிறவர்களை அதிகம் சோர வைப்பது இதுதான். நானும் டோஃபுவை முதலில் இப்படித்தான் கெடுத்தேன். பாக்கெட்டைப் பிரித்து, நறுக்கி, ஈரத்தோடு அப்படியே எண்ணெயில் போட்டேன். அரை நிமிடத்தில் பயந்துபோய்க் கரண்டியை விட்டுக் கிளறினேன். பொன்னிறமாக வரவேண்டிய பக்கம் முழுக்க வாணலியிலேயே தங்கிவிட்டது, வெள்ளைத் துண்டுகள் மட்டும் கரண்டியோடு வந்தன. அதில் மூன்று தவறுகள் இருந்தன. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

ஈரம் முதலாவது. தண்ணீர் 100 டிகிரியில் ஆவியாகும். மேற்பரப்பில் ஈரம் இருக்கும்வரை அந்த இடத்தின் சூடு அதற்கு மேல் ஏறாது. பொன்னிறமும் வறுத்த மணமும் வருவதற்கு ஏறத்தாழ 140 டிகிரிக்கு மேல் போகவேண்டும். ஆக ஈரமான துண்டு வாணலியில் வறுபடுவதில்லை, வேகிறது. வேகும் புரதம் உலோகத்தைப் பிடித்துக்கொள்ளும்.

ஆகவே நறுக்குவதற்கு முன்பே தண்ணீரை எடுத்துவிடுங்கள். டோஃபு கட்டியை ஒன்றரை செ.மீ. தடிமனில் பட்டையாக வெட்டி, சுத்தமான பருத்தித் துணியில் பரப்பி, மேலே இன்னொரு துணி போட்டு மூடுங்கள். அதன்மேல் ஒரு தட்டு, தட்டின்மேல் ஒன்றரை இரண்டு கிலோ எடை. தண்ணீர் நிரப்பிய பாத்திரம் போதும். 20 நிமிடம் அப்படியே விடுங்கள். எடுத்துப் பார்த்தால் துணி நன்றாக நனைந்திருக்கும், பட்டைகளின் ஓரம் கொஞ்சம் வெளியே பிதுங்கியிருக்கும். முழுக் கட்டியாக அழுத்துவதைவிட இது வேகமானது, தண்ணீர் வெளியேற வேண்டிய தூரம் குறைவு அல்லவா. எடை அதிகமாகிவிட்டால் கட்டி வெடிக்கும், ஆகவே பாறாங்கல் எல்லாம் வேண்டாம்.

இரண்டாவது, வாணலியின் சூடு. எவர்சில்வர் அல்லது இரும்பு வாணலி என்றால் முதலில் வெறுமனே சூடாக்குங்கள். இரண்டு துளி தண்ணீர் தெளித்தால் அவை அங்கேயே சுண்டிப்போகாமல் முத்துப்போல உருண்டோட வேண்டும். அப்போது எண்ணெய் விடுங்கள். எண்ணெய் மெல்ல அலை போல நெளிந்து ஓடியதும் டோஃபு. நான்ஸ்டிக் வாணலியை இப்படி வெறுமனே சூடாக்கக் கூடாது. அதில் எண்ணெய் விட்டு, மிதமான தீயில் வேலையை முடித்துவிடலாம். ஒட்டுகிற தொல்லையும் அதில் குறைவு.

மூன்றாவது, அவசரம். துண்டைப் போட்டபின் மூன்று நான்கு நிமிடம் தொடவே கூடாது. சொல்வது எளிது, கை பரபரக்கும். அப்போது காதைக் கொடுத்துக் கேளுங்கள். முதலில் சத்தமாக, ஈரமான சீறல் வரும். அது தண்ணீர் ஆவியாகிற சத்தம். கொஞ்ச நேரத்தில் அது அடங்கி மெல்லிய பொரிகிற சத்தமாக மாறும். குனிந்து துண்டின் பக்கவாட்டைப் பார்த்தால், அடியிலிருந்து ஒரு பொன்னிறக் கோடு மேலே ஏறிக்கொண்டிருக்கும். அதைப் பார்த்த பிறகு தட்டைக் கரண்டியை அடியில் விடுங்கள். அடிப்பக்கம் காய்ந்து இறுகியதும் துண்டு தானாகவே வாணலியை விட்டுவிடும். இன்னும் பிடித்துக்கொண்டிருந்தால், அது இன்னும் தயாராகவில்லை. இன்னொரு நிமிடம் விடுங்கள்.

எல்லாவற்றையும் ஒரே தடவை கொட்டி நிரப்பாதீர்கள். துண்டுகளுக்கிடையே விரல் போகிற இடைவெளி வேண்டும். நெருக்கினால் ஒன்றன் ஆவி இன்னொன்றை நனைக்கும், வாணலியின் சூடும் இறங்கிவிடும். 26 செ.மீ. வாணலியில் 400 கிராம் டோஃபுவை இரண்டு தடவையாகப் போடுவதுதான் சரி.

எண்ணெய் தெறிக்கிறது

ஈரம்தான். அழுத்தியபின்னும் வெட்டிய பக்கங்களில் நீர் கசியும், போடுவதற்கு முன் ஒருமுறை துணியால் ஒற்றி எடுங்கள். துண்டை மேலிருந்து போடாமல், உங்களைவிட்டு விலகுகிற பக்கமாகச் சாய்த்து வையுங்கள். மூடி போட்டு மூடவேண்டாம், ஆவி திரும்ப உள்ளேயே விழும்.

மேலே காரசாரமாக இருக்கிறது, கடித்தால் உள்ளே சப்பென்று இருக்கிறது

டோஃபு "ஸ்பாஞ்ச் போல, போட்டதை எல்லாம் உறிஞ்சிக்கொள்ளும்" என்று எங்கும் சொல்கிறார்கள். அதை நம்பி இரவு முழுக்கச் சாஸில் ஊறவைத்தவர்கள்தான் அதிகம் ஏமாந்துபோகிறார்கள். ஏற்கெனவே தண்ணீர் நிறைந்த ஸ்பாஞ்சு எதை உறிஞ்சும்? உப்பு மட்டும் நேரம் கிடைத்தால் மெல்ல உள்ளே போகும். பூண்டு, மிளகாய், மசாலா மணமெல்லாம் மேலே சில மில்லிமீட்டரோடு நின்றுவிடும். ஊறவைக்கிற கலவையில் எண்ணெய் இருந்தால் இன்னும் மோசம். எண்ணெய் துண்டைச் சுற்றிப் படலமாகப் பூசிக்கொள்ளும், ஈரமான டோஃபுவுக்குள் நுழையாது.

ஆகவே நான் வேலையை இரண்டாகப் பிரித்துவிடுகிறேன். உள்ளே உப்பு, வெளியே மணம்.

உள்ளே உப்பு ஏற்ற வெந்நீர் போதும். ஒரு லிட்டர் தண்ணீரில் ஒன்றரை மேசைக்கரண்டி உப்புப் போட்டுக் கொதிக்கவிடுங்கள். தீயைக் குறைத்து, நறுக்கிய துண்டுகளைப் போட்டு, மெல்லக் குமிழி வருகிற அளவில் 10 நிமிடம் வையுங்கள். வடித்துத் துணியில் பரப்புங்கள். சூடான உப்புநீரில் மேற்பரப்பின் புரதம் இறுகி, உள்ளிருக்கும் தண்ணீரில் கொஞ்சத்தை வெளியே தள்ளும். வடித்தபின் துண்டுகள் சூடாக இருப்பதால் மேலே உள்ள ஈரமும் ஆவியாகிவிடும். தண்ணீரில் போட்டு எடுத்தது உலர்ந்திருக்கிறதே என்று முதல்முறை ஆச்சரியமாக இருக்கும். நேரமில்லாத நாளில் அழுத்துவதற்குப் பதிலாக இதை மட்டும் செய்தால்கூடப் போதும். ஆனால் தளதளவென்று கொதிக்க விடாதீர்கள். நீண்ட நேரம் கொதித்தால் உள்ளே சின்னச் சின்ன ஓட்டைகள் விழுந்து கடினமாகிவிடும்.

இன்னொரு வழி ஃப்ரீசர். இது எனக்கு மிகவும் பிடித்தது. தண்ணீர் பனியாகும்போது ஏறத்தாழ 9 சதவீதம் விரியும். டோஃபுவுக்குள் உறைகிற பனித்துகள்கள் புரத வலையைத் தள்ளிப் பொந்துகளை உண்டாக்கும். கெட்டி டோஃபுவைப் பாக்கெட்டோடு ஓர் இரவு முழுக்க ஃப்ரீசரில் வையுங்கள். மறுநாள் ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டுக்கு மாற்றி முழுசாகக் கரைய விடுங்கள். நடுவில் பனிக்கட்டி இருந்தால் பிழியும்போது உடையும், பொறுத்திருங்கள். கரைந்ததும் இரண்டு உள்ளங்கைகளுக்கு நடுவே வைத்து மெல்ல அழுத்துங்கள். தண்ணீர் கொட்டும். கையில் மிஞ்சுவது நிஜமாகவே ஸ்பாஞ்சு, அழுத்தினால் சுருங்கி, விட்டால் உப்பும். இப்போது சாஸை ஊற்றுங்கள், உறிஞ்சிக்கொள்வது கண்ணுக்குத் தெரியும். கடிக்கவும் கொஞ்சம் அழுத்தமாக, நார்த்தன்மையோடு இருக்கும். இறைச்சி சாப்பிட்டுப் பழகியவர்களுக்கு டோஃபுவைப் பழக்க இதுதான் நல்ல வழி என்பது என் எண்ணம்.

ஃப்ரீசரில் இருக்கும்போது டோஃபு மஞ்சளாகத் தெரியும். கெட்டுவிட்டது என்று எறிந்துவிடாதீர்கள், கரைந்ததும் நிறம் பழையபடி வெளுத்துவிடும்.

வெளிப்பக்க மணத்துக்கு வருவோம். துண்டின்மேல் சாஸ் ஒட்டிக்கொள்ள வேண்டும், வழிந்து தட்டில் தேங்கக் கூடாது. கத்தியால் வெட்டிய வழவழப்பான பக்கத்தைவிடக் கையால் பிட்ட கரடுமுரடான பக்கத்தில் சாஸ் நன்றாகத் தங்கும். வாய்க்கு அளவாகப் பிட்டுப் போட்டுப் பாருங்கள். மேடுகளெல்லாம் மொறுமொறுப்பாகும், பள்ளங்களில் சாஸ் தங்கும்.

மொறுமொறுப்பு வரவே இல்லை, அல்லது வந்து ஐந்து நிமிடத்தில் போய்விட்டது

வரவே இல்லை என்றால் கார்ன்ஃப்ளார் மாவைத் துணைக்கு எடுத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் எடுத்த 400 கிராம் டோஃபுவை முதலில் ஒரு மேசைக்கரண்டி சோயா சாஸிலும் ஒரு மேசைக்கரண்டி எண்ணெயிலும் புரட்டுங்கள். அப்புறம் இரண்டு மேசைக்கரண்டி கார்ன்ஃப்ளாரைத் தூவி, கிண்ணத்தைக் குலுக்குங்கள். கையால் பிசைய வேண்டாம். மாவு துண்டின்மேல் மெல்லிய தூசிப் படலமாக இருக்கவேண்டும். பசையாகத் தெரிந்தால் டோஃபுவில் ஈரம் இருக்கிறது என்று அர்த்தம், இன்னும் கொஞ்சம் மாவு தூவலாம். மாவு பூசியதும் சமைத்துவிடுங்கள். பத்து நிமிடம் காத்திருந்தாலே மாவு ஈரத்தை இழுத்துக் கொழகொழப்பாகிவிடும்.

ஓவனில் என்றால் 200 டிகிரியில் 25 முதல் 30 நிமிடம், பாதியில் ஒருமுறை திருப்பிப் போட வேண்டும். ஏர் ஃப்ரையரில் அதே சூட்டில் 12 முதல் 15 நிமிடம், இரண்டு தடவை குலுக்கினால் போதும். இரண்டிலும் துண்டுகள் ஒன்றையொன்று தொடாமல் ஒரே அடுக்காக இருக்கவேண்டும்.

வந்தது போய்விட்டது என்றால் காரணம் சாஸ். மொறுமொறுப்பான மேலோடு உலர்ந்த மாவுதான். ஈரம் பட்டால் அது இளகத்தான் செய்யும், யாராலும் தடுக்க முடியாது. நேரத்தைத்தான் நாம் சரிசெய்ய முடியும். சாஸைத் தனியாக வாணலியில் கெட்டியாகும்வரை சுண்ட வைத்துக்கொள்ளுங்கள். கரண்டியால் அள்ளினால் முதுகில் படிந்து நிற்கவேண்டும். சாப்பிட எல்லோரும் உட்கார்ந்தபின் டோஃபுவை அதில் போட்டு, அரை நிமிடம் புரட்டி, தட்டில் போடுங்கள். டிபனில் எடுத்துப்போகிறவர்கள் சாஸைத் தனி டப்பாவில் வைத்துக்கொள்ளலாம். சுடச்சுட டப்பாவில் போட்டு மூடாதீர்கள், சாஸ் இல்லாவிட்டாலும் அதன் ஆவியிலேயே அது நமத்துவிடும்.

உடைந்து தூளாகிறது

கெட்டி டோஃபுவே உடைந்தால் பெரும்பாலும் கிளறுவதுதான் காரணம். காய்களோடு சேர்த்து முதலிலிருந்தே வதக்கவேண்டாம். டோஃபுவைத் தனியாக வறுத்து எடுத்து வைத்துவிட்டு, காய் வெந்து சாஸ் தயாரானபின் கடைசி இரண்டு நிமிடத்தில் சேருங்கள். கூரான கரண்டி வேண்டாம், தட்டைக் கரண்டியை அடியில் விட்டுத் தூக்கிப் புரட்டுங்கள். ஒரு செ.மீ.க்குக் குறைவான மெல்லிய துண்டுகளும் உடையும்.

சில்க்கன் டோஃபுவைக் குழம்பிலோ சூப்பிலோ சேர்க்க வேண்டுமானால் பாக்கெட்டின் ஓரங்களில் கத்தியை விட்டு, தட்டில் கவிழ்த்து, தட்டிலேயே வெட்டுங்கள். முன்சொன்ன உப்பு வெந்நீரில் ஐந்து நிமிடம் வைத்தால் ஓரளவு இறுகும். அப்புறம் தட்டைச் சாய்த்துக் குழம்புக்குள் வழுக்கி விடுங்கள். பிறகு கிளறவே கூடாது. கரண்டியின் முதுகால் மெல்லத் தள்ளுங்கள், அல்லது பாத்திரத்தைப் பிடித்து லேசாகக் குலுக்குங்கள்.

ஏற்கெனவே உடைந்துவிட்டதா? எறியவேண்டாம், முழுசாகவே உதிர்த்துவிடுங்கள். கையால் பெரியதும் சின்னதுமாக உதிர்த்து, எண்ணெய் குறைவாக விட்டு, தண்ணீர் வற்றி ஓரங்கள் பழுப்பாகும்வரை மிதமான தீயில் வையுங்கள். வெங்காயம், ஒரு சிட்டிகை மஞ்சள்தூள், மிளகு. முட்டையின் மணம் வேண்டும் என்றால் அடுப்பை அணைத்தபின் கால் தேக்கரண்டி கறுப்பு உப்பு தூவுங்கள். அதிலுள்ள கந்தகச் சேர்மங்கள்தான் அந்த மணத்தைத் தருகின்றன, அடுப்பில் வைத்துக் காய்ச்சினால் அது குறைந்துவிடும். உதிர்த்த டோஃபு உண்மையிலேயே அருமையான பண்டம், வேண்டுமென்றே இப்படிச் செய்கிறவர்கள் உண்டு.

ரப்பர் மாதிரி இழுக்கிறது

தண்ணீர் அளவுக்கு மீறிப் போய்விட்டது. சிறு தீயில் அரைமணி நேரம் வைத்தாலும், சின்னத் துண்டுகளை ஓவனில் மறந்துவிட்டாலும் இப்படி ஆகும். தீ மிதமாகவோ கொஞ்சம் கூடுதலாகவோ இருந்து, நேரம் குறைவாக இருக்கவேண்டும். துண்டுகளை இரண்டு செ.மீ. அளவுக்குப் பெரிதாக்குங்கள், நடுவில் மென்மை தங்கும். மேலே மொறுமொறுப்பும் உள்ளே மென்மையும் சேர்ந்து இருந்தால்தான் சாப்பிட நன்றாக இருக்கும். ரப்பரான துண்டுகளைக் காப்பாற்ற, நீர்த்த சாஸிலோ குழம்பிலோ போட்டு மூடி, பத்து நிமிடம் சிறு தீயில் வையுங்கள். ஓரளவு இளகும்.

பச்சைச் சோயா வாடை அடிக்கிறது

சோயாவை அரைக்கும்போது அதிலுள்ள லிப்பாக்ஸிஜனேஸ் என்ற நொதி, கொழுப்போடு சேர்ந்து இந்த வாடையை உண்டாக்குகிறது. செய்கிறவர் எவ்வளவு சூட்டில் எப்படிக் காய்ச்சினார் என்பதைப் பொறுத்து அது கூடும், குறையும். அதனால் ஒரு பாக்கெட் பிடிக்கவில்லை என்றால் வேறு தயாரிப்பை வாங்கிப் பாருங்கள், வித்தியாசம் நன்றாகவே தெரியும்.

வீட்டில் செய்யக்கூடியது: பாக்கெட் தண்ணீரைக் கொட்டிவிட்டுக் குளிர்ந்த நீரில் கழுவுங்கள், பின் உப்பு வெந்நீரில் போட்டெடுங்கள். இஞ்சி, பூண்டு, வெங்காயத்தாள், வறுத்த எள் எண்ணெய் நாலைந்து துளி, கொஞ்சம் வினிகர் அல்லது எலுமிச்சை, இவற்றில் இரண்டு சேர்ந்தாலே வாடை அடங்கிவிடும். நன்றாகப் பொன்னிறமாக வறுபட்டால் அதுவே பாதியை மறைத்துவிடும்.

குழம்பு நீர்த்துப்போகிறது

போட்டபோது கெட்டியாக இருந்த கிரேவி, பத்து நிமிடத்தில் தண்ணீராக ஓடுகிறதா? டோஃபுவிலிருந்த நீர் அதில் இறங்கியிருக்கிறது. வறுத்தோ வெந்நீரில் போட்டெடுத்தோ சேருங்கள். இன்றைக்கே சரிசெய்ய வேண்டுமானால் டோஃபுவைத் தனியே எடுத்துவிட்டு கிரேவியை மட்டும் சுண்டவிடுங்கள். எடுக்காமல் கொதிக்கவிட்டால் டோஃபு உடையும்.

சாஸ் கருகிக் கசக்கிறது, அல்லது உப்புக் கரிக்கிறது

சர்க்கரையோ தேனோ கலந்த சாஸை ஆரம்பத்திலேயே ஊற்றினால், டோஃபு சிவப்பதற்குள் அது கருகிவிடும். பொடியாக நறுக்கிய பூண்டும் மிளகாய்த்தூளும் அப்படித்தான். டோஃபு வறுபடும்போது எண்ணெயும் உப்பும் மட்டும் இருக்கட்டும். மற்றது எல்லாம் கடைசியில்.

உப்பு விஷயத்தில் சோயா சாஸைக் கவனமாக ஊற்றுங்கள். சாதாரண சோயா சாஸ் ஒரு மேசைக்கரண்டியில் ஏறத்தாழ 900 மில்லிகிராம் சோடியம் இருக்கும். சுண்டச் சுண்ட உப்பு ஏறும். உப்பு வெந்நீரில் போட்டெடுத்த டோஃபு என்றால் சாஸின் அளவைப் பாதியாக்கி, மீதிக்குத் தண்ணீர் சேருங்கள். சுவைத்துப் பார்த்து, போதாவிட்டால் பிறகு கூட்டிக்கொள்ளலாம்.

புளித்த வாடை, பிசுபிசுப்பு, நிறமாற்றம்

இதைச் சமைத்துச் சரிசெய்ய முடியாது. தொட்டால் வழுவழுவென்று நூல் இழுத்தாலோ, தண்ணீர் கலங்கிப் புளிப்பு வாடை அடித்தாலோ, பிரிக்காத பாக்கெட் உப்பியிருந்தாலோ, ஃப்ரீசரில் வைக்காமலே மஞ்சளாகியிருந்தாலோ, சுவைத்துக்கூடப் பார்க்காமல் எறிந்துவிடுங்கள்.

பிரித்த டோஃபுவில் மிச்சம் இருந்தால் மூடியுள்ள டப்பாவில் போட்டு, மூழ்கும்படி சுத்தமான தண்ணீர் ஊற்றி, ஃபிரிட்ஜில் 4 டிகிரிக்கு மேற்படாத இடத்தில் வையுங்கள். தண்ணீரைத் தினமும் மாற்றி, மூன்று முதல் ஐந்து நாளுக்குள் தீர்த்துவிடுங்கள். அதற்குள் தீராது என்று தோன்றினால் முதல் நாளே ஃப்ரீசருக்கு அனுப்பிவிடுவது நல்லது. சமைத்த டோஃபுவை இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே வைக்காதீர்கள். அட்டைப்பெட்டியில் வருகிற சில வகை சில்க்கன் டோஃபுவைப் பிரிக்கும்வரை அலமாரியிலேயே வைக்கலாம், பிரித்தபின் அதுவும் மற்றதைப் போலத்தான். விருந்தினருக்குச் செய்கிறீர்கள் என்றால் சோயா ஒவ்வாமை யாருக்காவது உண்டா என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

என்ன பிழை என்றே தெரியவில்லை, நன்றாக வரவில்லை, அவ்வளவுதான்

அப்படியானால் எல்லாவற்றையும் எளிதாக்கி ஒரு சோதனைச் சமையல் செய்யுங்கள். காய், மசாலா எதுவும் வேண்டாம். இரண்டு மூன்று பேருக்கு 400 கிராம் கெட்டி டோஃபு. கையால் வாயளவுக்குப் பிட்டு, உப்பு வெந்நீரில் 10 நிமிடம் வைத்து, வடித்து, துணியில் பரப்பி 10 நிமிடம் ஆறவிடுங்கள். தொட்டால் விரலில் ஈரம் ஒட்டக் கூடாது.

அது ஆறுவதற்குள் சாஸைக் கலக்குங்கள். சோயா சாஸ் ஒரு மேசைக்கரண்டி, வினிகர் இரண்டு தேக்கரண்டி, சர்க்கரை ஒரு தேக்கரண்டி, கார்ன்ஃப்ளார் அரைத் தேக்கரண்டி, தண்ணீர் நான்கு மேசைக்கரண்டி.

டோஃபுவின்மேல் இரண்டு மேசைக்கரண்டி கார்ன்ஃப்ளார் தூவிக் குலுக்குங்கள். வாணலியில் மூன்று மேசைக்கரண்டி எண்ணெய். இரண்டு தடவையாகப் போட்டு, ஒவ்வொரு பக்கமும் மூன்று நான்கு நிமிடம் தொடாமல் வறுத்து, தட்டில் எடுத்து வையுங்கள். மிஞ்சிய எண்ணெயில் ஒரு மேசைக்கரண்டி அளவுக்கு இஞ்சியும் பூண்டும் பொடியாக நறுக்கிப் போட்டு, அரை நிமிடத்தில் மணம் எழுந்ததும் சாஸை ஒருமுறை கலக்கி ஊற்றுங்கள். கார்ன்ஃப்ளார் அடியில் தங்கியிருக்கும், கலக்க மறந்தால் கட்டி தட்டும். சாஸ் பளபளத்துக் கெட்டியானதும் டோஃபுவைப் போட்டு நான்கு புரட்டு, இறக்கிவிடலாம்.

இப்போது ஒரு துண்டை எடுத்து நடுவில் பிட்டுப் பாருங்கள். மேலோடு மெல்லியதாக, பொன்னிறமாக இருந்து, உள்ளே வெள்ளையாக, ஈரம் கசியாமல் இருந்தால் சரியாக வந்துவிட்டது. உள்ளே நீர் துளிர்த்தால் அடுத்த முறை துணியில் இன்னும் கொஞ்ச நேரம் விடுங்கள். உள்பக்கத்தை மட்டும் கொஞ்சம் கிள்ளி வாயில் போடுங்கள். உப்புத் தெரியவில்லை என்றால் வெந்நீரில் இன்னும் ஐந்து நிமிடம் வேண்டும். ஓரம் பொன்னிறமாகி நடுப்பக்கம் வெளுத்திருந்தால் வாணலியில் துண்டுகள் நெருக்கமாக இருந்திருக்கின்றன, அடுத்த முறை மூன்று தடவையாகப் போடுங்கள்.